எல்லோரும் காண ஒரு குடம்

சங்கங்களின் மினிட் புத்தகங்களைப் புரட்டிப் பார்க்க வாய்த்தவர்களின் கண்ணில் ஒரு வார்த்தை திரும்பத் திரும்பப் பட்டுக்கொண்டிருக்கும்: ஏகமனதாக. தலைவர் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வரவு செலவுக் கணக்கு ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. காலமான உறுப்பினருக்கு அனுதாபத் தீர்மானம்கூட ஏகமனதாகத்தான் நிறைவேறும், யாரோ எதிர்த்து வாக்களித்துவிடக் கூடிய விஷயம்போல. அந்த வார்த்தைக்குள் பேசாமல் இருந்துவிட்டவர், டீ குடிக்க வெளியே போனவர், கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் பாதியில் எழுந்தவர் எல்லோரும் அடங்கிவிடுகிறார்கள். வேண்டாம் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு கையைத் தூக்கியவரும் அதில் இருப்பார்.

நம் சிறுபத்திரிகைகளுக்கு இந்த வார்த்தைகூடத் தேவைப்பட்டதில்லை. ஆசிரியர் குழுக்கள் கூடியதும் பிரிந்ததும் கடிதங்களால். சில சமயம் எழுதப்படாத கடிதங்களால். யாரும் எண்ணிப் பார்த்து முடிவெடுத்ததாக நினைவில்லை. எண்ணிக்கை என்பதே ரசனைக்கு எதிரானது என்ற எண்ணம் நமக்குள் உண்டு. நூறு பேர் சேர்ந்து ஒரு கவிதையை நல்ல கவிதையாக்கிவிட முடியாது என்பது சரிதான். ஆனால் சங்கத்தின் மனையை விற்பதா வேண்டாமா என்று வரும்போது கவிதைக்குச் சொல்வதைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

திருவண்ணாமலையில் நான் பல ஆண்டுகளாக உறுப்பினராக இருக்கும் ஒரு வாசகர் சங்கத்தில் சென்ற ஆண்டு இந்தக் கேள்விதான் வந்தது. பெயர் வேண்டாம். ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துக்கொள்வார்கள்; மற்றவர்களுக்கு அதனால் பயனில்லை. நூற்றுக்கும் குறைவான உறுப்பினர்கள். கொஞ்சம் புத்தகங்கள், ஒரு வாடகை அறை, நன்கொடையாக வந்த ஒரு மனை. கிரிவலக் கூட்டம் பெருகப் பெருக மனைக்கு நாங்கள் கனவிலும் நினைக்காத விலை வந்துவிட்டது. விற்று வட்டியில் சங்கத்தை நடத்தலாம் என்று ஒரு அணி. கொட்டகை போட்டாவது அங்கே நூலகம் வைக்க வேண்டும் என்று இன்னொரு அணி. நிர்வாகக் குழுவுக்கு இரண்டு பட்டியல்கள் வந்தன. சங்கத்தின் சரித்திரத்தில் முதல் முறையாக ஏகமனம் கைவிட்டுப் போயிற்று. எந்தப் பக்கமும் சேராதவன் என்ற பெயர் எனக்கு இருந்ததால் தேர்தல் அலுவலராக என்னைப் போட்டார்கள். அந்தப் பெயர் பெருமைக்குரியதா என்பது வேறு விஷயம்.

உறுப்பினர்களில் பாதிக்கு மேல் இப்போது ஊரில் இல்லை. சென்னை, பெங்களூர், வளைகுடா, இரண்டு பேர் ஆஸ்திரேலியாவில். ஊரில் இருப்பவர்களையும் ஒரே நாளில் கூட்டுவது சுலபமில்லை. பௌர்ணமியை ஒட்டி எதுவும் வைக்க முடியாது, பஸ்கள் ஊர் எல்லையிலேயே நின்றுவிடும். மற்ற நாட்களில் எல்லோருக்கும் கல்யாணம். எனவே ஆன்லைன் தேர்தல் என்று முடிவாயிற்று. இதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. உறுப்பினர் பட்டியலையும் மின்னஞ்சல் முகவரியையும் செல்பேசி எண்ணையும் கொடுத்துவிட்டால் ஒவ்வொருவருக்கும் ஒரு லிங்க் போகும். அதைத் தொட்டால் ஓடிபி வரும். ஓடிபியைப் போட்டால் திரையில் வாக்குச்சீட்டு. ஒருவர் ஒரு முறைதான் போடலாம். மூன்று நாள் திறந்திருந்தது. மூன்றாம் நாள் மாலை மூடியதும், நான் ஒரு பொத்தானை அழுத்த, முடிவு வந்துவிட்டது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்கே அது கொஞ்சம் அநாகரிகமாகப் பட்டது. துக்கச் செய்தியானாலும் சந்தோஷச் செய்தியானாலும் வந்து சேர ஒரு அவகாசம் வேண்டியிருக்கிறது.

விற்கலாம் என்ற அணி நான்கு வாக்கில் ஜெயித்தது.

மறுநாள் காலை, தோற்ற அணியின் தலைவர் வீட்டுக்கு வந்தார். அதுவரை சங்கத்தின் செயலாளர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், கவிதை எழுதுகிறவர், நாற்பது ஆண்டு சிநேகம். காப்பியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "உங்க மேல சந்தேகம் இல்ல சார். கம்பெனிக்காரன் மேலகூட இல்ல. ஆனா நான் தோத்தத நான் பாக்கலியே."

நான் லாப்டாப்பைத் திறந்து முடிவைக் காட்டினேன். இரண்டு எண்கள், ஒரு வட்டப் படம், வண்ணங்களில். அவர் பார்த்தார். "இது நீங்க பாத்தது," என்றார்.

இதற்குச் சமாதானம் சொல்வது எளிது. வங்கிக் கணக்கையே திரையில் நம்புகிறோம், ரயில் டிக்கெட்டை நம்புகிறோம், இதை நம்பினால் என்ன? ஆனால் வங்கியில் என் பணம் குறைந்தால் எனக்குத் தெரிந்துவிடும். வங்கிக்கும் எனக்கும் நடுவில் ரகசியம் கிடையாது. வாக்கு வேறு மாதிரி. அது பெட்டிக்குள் விழுந்த கணத்தில் என்னுடையது என்ற அடையாளத்தை இழந்துவிட வேண்டும். ஆனால் காணாமலும் போய்விடக் கூடாது. இந்த இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும் விஷயங்கள். காகிதமும் பெட்டியும் இந்த முரணை வெகு சாதாரணமாகத் தீர்த்து வைத்திருந்தன. சீட்டு விழுவதைப் பார்க்கலாம், சீட்டில் இருப்பதைப் பார்க்க முடியாது. பின்னர் எல்லாச் சீட்டும் மேஜையில் கொட்டப்படுவதைப் பார்க்கலாம், யாருடையது எது என்று பார்க்க முடியாது. இதைப் புரிந்துகொள்ள யாரும் கணிதம் படிக்க வேண்டியிருக்கவில்லை.

வந்தவாசி வழியாகப் போனால் எங்கள் ஊரிலிருந்து உத்திரமேரூர் ஒரு காலைப்பொழுதுப் பயணம்தான். முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. மேடைகளில் இதை உலகின் முதல் ஜனநாயகம் என்று முழங்குகிறார்கள். முழங்குகிறவர்கள் அதைப் படித்திருப்பார்களா என்பது என் நீண்டநாள் சந்தேகம். அது வாக்கெடுப்பே அல்ல, குலுக்கல். 30 குடும்புகள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் கட்டாக்கி, மேலே வாயோலை பூட்டிக் குடத்தில் இடுகிறார்கள். சபை முழுவதும், சிறுவர் முதியவர் உட்பட, கூடியிருக்க வேண்டும். ஊரில் இருக்கும் நம்பிமார் ஒருவர் விடாமல் மண்டபத்துக்குள் இருக்க வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து எல்லோரும் காணும்படி குடத்தைத் தூக்கிப் பிடிக்கிறார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு பாலகன் ஒரு கட்டை எடுக்கிறான். அந்தக் கட்டை அவிழ்த்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்குகிறார்கள். பாலகன் அதிலிருந்து ஒரு ஓலையை எடுத்து மத்யஸ்தன் கையில் கொடுக்கிறான்.

இந்த இடத்தில்தான் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். மத்யஸ்தன் அந்த ஓலையை எப்படி வாங்க வேண்டும் என்று கல்வெட்டு சொல்கிறது: ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில். வாங்கியதை அவன் வாசிக்க வேண்டும். பிறகு அங்கிருக்கும் நம்பிமார் அத்தனை பேரும் வாசிக்க வேண்டும். விரலிடுக்கில் இன்னொரு ஓலையை மறைத்து வைத்திருந்த யாரோ ஒருவன் அந்த ஐந்து விரலுக்குப் பின்னால் நிற்கிறான். ஏதோ ஒரு வருஷம், ஏதோ ஒரு மத்யஸ்தன். 919இல் செய்த ஏற்பாட்டை இரண்டே வருஷத்தில் 921இல் திருத்தி எழுதியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. கணக்குக் காட்டாமல் போனவனும் அவன் உறவினர்களும் இனி ஓலையில் இடம்பெறக் கூடாது என்ற விதியும் அனுபவத்திலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். மனிதனைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் இல்லாதவர்கள் எழுதிய நல்ல சட்டம் அது.

அதே கல்வெட்டின் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஓலையில் பெயர் ஏற, வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கும் 70க்கும் இடையில் இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது ஒரு பிராமண ஊரின் சபை. எல்லோரும் காணத் தூக்கிய குடத்தில் அந்த எல்லோருக்கும் வெளியே இருந்தவர்களின் ஓலை எதுவும் கிடையாது. உழுதவனுக்கு அது எட்டாத குடம். பெண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

யந்திரம் வந்த கதையில் நம்மவர் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் வேலையில் முக்கியப் பொறுப்பு வகித்தவர் எஸ். ரங்கராஜன், அதாவது சுஜாதா. கணையாழியின் கடைசிப் பக்கத்தில் அவரைப் படித்துக்கொண்டே அவரை இலக்கியவாதியாக ஏற்பதா கூடாதா என்று நாம் விவாதித்துக்கொண்டிருந்தோம். அவரோ கோடிக்கணக்கான வாசகர்கள் பொத்தானை அழுத்தும் ஒரு படைப்பில் கைவைத்திருந்தார். விமர்சகர்கள் கவனிக்கத் தவறியது அது ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன்.

அந்த இயந்திரம் முதலில் பயன்பட்டது 1982இல், கேரளத்தில் பரூர் சட்டமன்றத் தொகுதியில், 50 வாக்குச்சாவடிகளில். ஜெயித்தவர் 123 வாக்கில் ஜெயித்தார். தோற்றவர் நீதிமன்றம் போனார். சட்டத்தில் வாக்குச்சீட்டு என்றுதான் இருக்கிறது, இயந்திரம் இல்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த 50 சாவடிகளிலும் சீட்டு வைத்து மறுபடி வாக்களித்தார்கள். தோற்றவர் ஜெயித்தார். இயந்திரத்தில் பிழை இருந்ததாக யாரும் நிரூபிக்கவில்லை. இரண்டாம் முறை மக்களின் மனம் வேறாக இருந்திருக்கலாம். பிறகு 1989இல் சட்டம் திருத்தப்பட்டது. 2013இல் உச்ச நீதிமன்றம் மறுபடி காகிதத்தைக் கேட்டது. இப்போது பொத்தானை அழுத்தியதும் கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி ஒரு துண்டுச்சீட்டு தெரிந்து, பெட்டிக்குள் விழுகிறது. குடம் ஏழு விநாடிக்குத் திரும்பி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜெர்மனியில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2005 தேர்தலில் பயன்படுத்திய வாக்கு இயந்திரங்கள் அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாதவை என்று அங்குள்ள அரசியல் சாசன நீதிமன்றம் 2009 மார்ச்சில் தீர்ப்பளித்தது. மோசடி நடந்தது என்பதற்காக அல்ல. தேர்தலின் முக்கியமான படிகளை, விசேஷ அறிவு எதுவுமில்லாத ஒரு சாதாரணப் பிரஜை தானே சரிபார்க்க முடிய வேண்டும் என்பதற்காக. இந்தத் தீர்ப்பைப் பற்றி என் நண்பரிடம் சொன்னபோது, ஒரு விநாடி அவர் முகத்தில் ஜெயித்த களை தெரிந்தது.

அவர் கேட்ட மாதிரியான எண்ணிக்கை எங்கள் ஊரில் மாதாமாதம் நடக்கிறது. பௌர்ணமி முடிந்ததும் அருணாசலேசுவரர் கோயிலில் உண்டியல் திறப்பார்கள். அதிகாரிகள் முன்னிலையில், கோயில் ஊழியர்களும் பக்தர்களுமாக வரிசையாகத் தரையில் உட்கார்ந்து கையால் பிரிப்பார்கள்: காகிதம் தனி, சில்லறை தனி, பொன் வெள்ளி தனி. பகவான் மேல் சந்தேகம் இருந்தால் யாரும் உண்டியலில் போட மாட்டார்கள். எண்ணும்போது மட்டும் இத்தனை கண்கள் வேண்டியிருக்கின்றன, யாரும் இதை அவமரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை.

கம்பெனிகளின் பங்குதாரர்களுக்கு இணையவழி வாக்கு பத்தாண்டுக்கு மேலாகப் பழகிவிட்டது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் அதைக் கொண்டுவந்தது. பங்குச்சந்தையில் இருக்கும் கம்பெனிகளுக்கு அது கட்டாயம். குறைந்தது மூன்று நாள் திறந்திருக்க வேண்டும். பொதுக்கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை 5 மணிக்கு மூட வேண்டும். பின்பு, ஆய்வாளராக நியமிக்கப்பட்டவர், கம்பெனியில் வேலை செய்யாத இரண்டு சாட்சிகளாவது முன்னிலையில் வாக்குகளைத் திறக்க வேண்டும் என்று விதி. அந்த இரண்டு சாட்சிகள் மீது எனக்கு ஒரு பிரியம் உண்டு. எதைப் பார்ப்பதற்காக அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்? ஒருவர் கடவுச்சொல்லைத் தட்டுவதை, திரையில் எண் வருவதை. விதியை எழுதியவர் மனத்தில் இன்னும் ஒரு குடம் இருந்திருக்கிறது. அதைத் தூக்கிக் காட்ட ஆள் வைத்திருக்கிறார், குடம்தான் இல்லை. தவிர, அங்கே பங்குக்கு ஒரு வாக்கு. நூறு பங்கு வைத்திருப்பவன் தோற்றதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. முடிவு பெரும்பாலும் கூட்டத்துக்கு முன்பே தெரிந்ததுதான். எங்கள் சங்கத்தின் பிரச்னை அங்கே எழுவதில்லை.

இதுவரை எழுதியதைப் படிக்கிறவர், நான் பழைய பெட்டிக்காக வாதாடுகிறேன் என்று நினைக்கலாம். எங்கள் தேர்தலில் வாக்களித்தவர்களில் ஒரு பெண்மணி இருக்கிறார். இருபது வருஷமாக உறுப்பினர், ஒழுங்காகச் சந்தா கட்டுகிறவர், நாங்கள் எல்லோரும் சேர்ந்து படித்ததைவிட அதிகம் படித்தவர். ஒரு பொதுக்குழுவுக்கும் வந்ததில்லை. பொதுக்குழு எப்போதும் மாலை ஆறு மணிக்கு, மாடி அறையில், சிகரெட் புகைக்குள். முடிவு வந்த பிறகு போன் செய்தார். "அண்ணா, மொத மொறையா ஓட்டுப் போட்டேன். அடுப்புல கொழம்பு கொதிக்குது, நான் போட்டுட்டேன்," என்றார். எந்தப் பக்கம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எல்லோரும் காணும்படி நடந்த எங்கள் பழைய கையுயர்த்தல்கள் அவரைக் கண்டதே இல்லை.

ஆனால் சமையலறையில் வாக்கைப் போடும்போது பக்கத்தில் யார் நிற்கிறார் என்பது தேர்தல் அலுவலருக்குத் தெரியாது. 1856இல் ஆஸ்திரேலியக் காலனிகள் அச்சிட்ட சீட்டையும் மறைவிடத்தையும் கொண்டுவந்தது இதற்காகத்தான்: பண்ணையாரும் முதலாளியும் புருஷனும் எட்டிப் பார்க்க முடியாத ஒரு தட்டி. வீட்டிலிருந்து வாக்கு என்றால் தட்டியை எடுத்துவிடுகிறோம். 2005 முதல் நாடளாவிய அளவில் இணையத்தில் வாக்களிக்கும் எஸ்டோனியாவில் இதற்கு ஒரு விசித்திரமான பரிகாரம் வைத்திருக்கிறார்கள். ஒருவர் எத்தனை முறை வேண்டுமானாலும் வாக்களிக்கலாம், கடைசியாகப் போட்டதுதான் கணக்கு. நேரில் போய்ச் சீட்டில் போட்டால் இணைய வாக்கு ரத்து. கட்டாயப்படுத்தியவன் தூங்கிய பிறகு மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். 2023 தேர்தலில் அங்கே பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் இப்படி வந்தவை. ஆனால் அந்த ஊரில் ஒவ்வொருவர் கையிலும் அரசு கொடுத்த மின்னணு அடையாள அட்டை இருக்கிறது. எங்களிடம் இருந்தது, பாதி மாறிப்போன செல்பேசி எண்களின் பட்டியல்.

சிறிய கூட்டத்தில் இன்னொரு தொல்லை உண்டு. பெரிய தேர்தலில் ரகசியம் ஜனத்திரளிலேயே கிடைத்துவிடுகிறது. எண்பது பேரில் கிடைப்பதில்லை. யார் வாக்களித்தார்கள், எத்தனை மணிக்கு என்பது எனக்குத் திரையில் தெரிந்தது. அதோடு வாக்கின் எண்ணிக்கையும் அவ்வப்போது தெரியும்படி வைத்திருந்தால் எல்லாவற்றையும் ஊகித்துவிடலாம். நான் அதை மூடி வைக்கச் சொல்லியிருந்தேன். மூடித்தான் இருந்தது என்பதற்கு, நண்பர் பாஷையில் சொன்னால், நான் பார்த்ததுதான் சாட்சி.

வாக்களித்ததும் ஒவ்வொருவருக்கும் ஒரு ரசீது எண் வந்திருந்தது. அந்த எண்களின் பட்டியலைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். தன் எண் இருக்கிறதா என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். நண்பர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்தார். பக்கத்தில் யாருக்கு என்று போடவில்லையே என்றார். போட்டால் நாளைக்கு எவனாவது ரசீதைக் காட்டிக் காசு வாங்குவான், அதனால் போட முடியாது என்றேன். அவர் சிரித்துவிட்டார். "என் ஓலை குடத்துல இருக்கு. என்ன எழுதியிருக்குன்னு எனக்கே தெரியாது. நல்லா இருக்கு சார்."

இதற்கும் கணிதத்தில் வழி இருக்கிறது. பென் அடிடா 2008இல் வெளியிட்ட ஹீலியோஸ் என்ற அமைப்பில் வாக்குகள் பூட்டிய நிலையிலேயே எல்லோர் பார்வைக்கும் வைக்கப்படுகின்றன. தனித்தனியாகத் திறக்காமலேயே கூட்டப்பட்டு, கூட்டுத்தொகை மட்டும் திறக்கப்படுகிறது. கூட்டல் சரி என்பதை யாரும் சோதிக்கலாம். யாரும் என்றால், அந்தக் கணிதம் தெரிந்த யாரும். வேதம் தெரிந்த யாரும் என்று உத்திரமேரூரில் சொன்ன மாதிரி.

அந்தக் கணிதத்தையே தொழிலாகக் கொண்டவர்களின் பன்னாட்டுச் சங்கம் ஒன்று உண்டு, மறைக்குறியீட்டு ஆராய்ச்சியாளர்களுடையது. அவர்கள் தங்கள் நிர்வாகிகளை ஹீலியோஸ் மூலம்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 2025 தேர்தலில் முடிவைத் திறக்கும் சாவியை மூன்று பேருக்குப் பங்கிட்டுக் கொடுத்திருந்தார்கள். இருவர் சேர்ந்து சூழ்ச்சி செய்துவிடக் கூடாது என்பதால், மூவரும் சேர்ந்தால்தான் திறக்கும். வாக்குப்பதிவு முடிந்தது. மூவரில் ஒருவர் தன் சாவியைத் தொலைத்துவிட்டார். மீட்க வழியே இல்லை. உலகத்தின் தலைசிறந்த பூட்டுக்காரர்களின் வாக்குகள் பெட்டிக்குள்ளேயே, பத்திரமாக, என்றென்றைக்குமாகத் தங்கிவிட்டன. நவம்பரில் மறுதேர்தல் ஆரம்பித்தார்கள். இந்த முறை மூவரில் இருவர் போதும் என்று விதியைத் தளர்த்தினார்கள். 919க்கும் 921க்கும் நடுவில் நடந்ததுபோலத்தான்.

நண்பரிடம் இதைச் சொன்னேன். அவருக்கு அது ஆறுதலாக இல்லை; நியாயம்தான்.

மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் புதிய நிர்வாகிகளின் விவரத்தைத் தாக்கல் செய்ய மினிட் புத்தகத்தில் கையெழுத்து வேண்டியிருந்தது. பழைய செயலாளர் என்ற முறையில் அவர்தான் போட வேண்டும். போட மாட்டார் என்று ஜெயித்த அணியில் பந்தயமே கட்டியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அறைக்கு வந்தார். புத்தகத்தை வாங்கி, நான் எழுதியிருந்ததை நிதானமாகப் படித்தார். 'வாக்குகள் எண்ணப்பட்டன' என்ற இடத்தில் பேனா நின்றது. இரண்டாவது வார்த்தையை ஒரே கோடாக அடித்து, மேலே 'அறிவிக்கப்பட்டன' என்று எழுதினார். ஓரத்தில் சுருக்கொப்பமிட்டார். கீழே தேதியோடு முழுக் கையெழுத்துப் போட்டுவிட்டு, புத்தகத்தை என்னிடம் நீட்டி, திருத்தத்துக்குப் பக்கத்தில் என்னையும் ஒப்பமிடச் சொன்னார். இட்டேன்.